பேரிங் தாங்குமா?

டீசல் கிடையாது, பேட்டரி கிடையாது, ஓடும்போது தலைக்கு மேலே கம்பியும் கிடையாது. ஆனாலும் பஸ் ஓடியது. 1953-ல், சுவிட்சர்லாந்தின் இவர்டான் ஊரில். ஓர்லிகான் நிறுவனம் செய்த அந்த வண்டிக்கு ஜைரோபஸ் என்று பெயர். பஸ்ஸின் அடிவயிற்றில் ஒன்றரை டன் எடையுள்ள ஒரு இரும்புச் சக்கரம் படுக்கைவாட்டில் இருக்கும். நிறுத்தத்தில் வண்டி நின்றதும் கூரையிலிருந்து மூன்று கைகள் எழும்பி அங்கே இருக்கும் மின்கம்பத்தைத் தொடும், மோட்டார் அந்தச் சக்கரத்தை நிமிஷத்துக்கு 3,000 சுற்று வரை முடுக்கிவிடும், கைகள் இறங்கும், வண்டி கிளம்பும். அப்புறம் அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறிச் சுழலும் சக்கரத்திலிருந்து கரண்ட் எடுத்துப் பஸ்ஸை ஓட்டும். ஒரு முடுக்கலுக்குச் சுமார் 6 கிலோமீட்டர். பம்பரத்தைச் சுழற்றிவிட்டு அதன் மேலேயே ஏறி ஊருக்குப் போவது மாதிரி.

இதை முதன்முதலில் படித்தபோது உடனே கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றியது. சக்கரத்தின் விட்டம் 1.6 மீட்டர். முழுத் தகடு என்று வைத்துக்கொண்டால், முழு வேகத்தில் அதற்குள் இருப்பது ஆறரை யூனிட் மின்சாரம் அளவுக்கான ஆற்றல். அவ்வளவுதானா என்று தோன்றும். இன்றைய லித்தியம் பேட்டரியில் அதே ஆறரை யூனிட்டுக்கு ஐம்பது கிலோ எடை போதும். ஆனால் அன்றைக்கு இருந்தது ஈய பேட்டரி. அதை நிரப்ப மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், சக்கரத்தையோ பயணிகள் ஏறி இறங்கும் நேரத்தோடு இன்னும் ஓரிரு நிமிஷம் சேர்த்தால் முடுக்கிவிடலாம். காற்று உராய்ந்து வேகத்தைத் தின்றுவிடக் கூடாது என்று சக்கரத்தை மூடிய கூட்டுக்குள் வைத்து ஹைட்ரஜன் வாயுவை நிரப்பியிருந்தார்கள். அச்சு செங்குத்தாக நின்றதால் வளைவில் திரும்பும்போது பெரிய தொந்தரவு இல்லை. மேடு ஏறி இறங்கும்போதுதான் சுழலும் சக்கரம் தன் அச்சைச் சாய்க்க விடாமல் முரண்டு பிடிக்கும், அந்த முரண்டு முழுவதும் பேரிங்கில் போய் விழும்.

அந்தப் பேரிங்தான் கடைசியில் தலைவலியானது. பெல்ஜியத்தின் கென்ட் நகரத்திலும் அன்றைய லியோபோல்ட்வில்லிலும் (இப்போது கின்ஷாசா) ஜைரோபஸ் ஓடியது, லியோபோல்ட்வில்லில் மட்டும் 12 வண்டிகள். வண்டியின் எடை அதிகம், அதனால் மின்செலவும் அதிகம், மோசமான சாலையில் பேரிங்குகள் தேய்ந்தன, போக்குவரத்தில் மாட்டிக்கொண்டு நின்றாலும் சக்கரத்தின் வேகம் குறைந்துகொண்டே போகும். 1960-க்குள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள்.

இதோடு முடிந்திருந்தால் இது அருங்காட்சியகச் சமாச்சாரம். ஆனால் அறுபது வருஷம் கழித்து, அதே சுவிட்சர்லாந்தில், ஜெனிவாவில் டோசா என்ற மின்பஸ் வந்தது. நிறுத்தத்தில் நிற்கும், கூரையிலிருந்து ஒரு கை எழும்பி மேலே இருக்கும் மின்முனையைத் தொடும், 20 நொடி போல 600 கிலோவாட் உள்ளே பாயும், கை இறங்கும், வண்டி கிளம்பும். இரும்புச் சக்கரம் இருந்த இடத்தில் வேகமாக நிரம்பும் பேட்டரி. மற்றபடி யோசனை அப்படியே அச்சு அசலாக 1953-ஆம் வருஷத்து யோசனைதான். நிறுத்தத்துக்கு நிறுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பிக்கொள், நாள் முழுக்கத் தேவையானதைச் சுமந்துகொண்டு திரியாதே.

எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் ஒரு பைத்தியமே உண்டு. மிதக்கும் ரயில், குழாய்க்குள் பாயும் பெட்டி, கடல் வெப்பத்தில் மின்சாரம், பாய்மரம் இல்லாமலே காற்றில் போகும் கப்பல் என்று எது வந்தாலும் உட்கார்ந்து கடைசி வரி வரை படித்துவிடுவேன். நண்பர்கள் இதன் வேகம் என்ன, எப்போது வரும் என்று கேட்பார்கள். நான் தேடுவது வேறு. பளபளப்பான அந்தப் படத்தில் யாருமே சுட்டிக்காட்டாத அந்தத் துக்கடா பாகம் எது, அது தாங்குமா? அடிப்படை இயற்பியல் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அடி வாங்குவது ஒரு தோல் பட்டை, ஒரு இழுகம்பி, ஒரு குழாய் இணைப்பு. அந்தப் பாகத்துக்கு விடை கிடைத்த மறுநாளே செத்துப்போன யோசனை எழுந்து உட்கார்ந்துவிடுகிறது, அதனால் தோற்றுப்போனவற்றின் மேல்தான் எனக்கு ஆசை அதிகம்.

தோல் பட்டை என்று சும்மா சொல்லவில்லை. 1847-ல் இங்கிலாந்தின் தெற்கு டெவன் ரயில்பாதையில் இசம்பார்ட் பிரூனல் என்ற பொறியாளர் எஞ்சின் இல்லாத ரயில் ஓட்டினார். தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு இரும்புக் குழாய், அதற்குள் ஒரு பிஸ்டன், வழிநெடுக நீராவிப் பம்புகள் குழாயின் முன்பக்கத்துக் காற்றை உறிஞ்சும், பின்னால் இருக்கும் காற்று மண்டலத்தின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளும், ரயில் போகும். புகை கிடையாது, சத்தம் கிடையாது, மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டியும் ஓடியிருக்கிறது. 1847-ல்! ஒரே சிக்கல், குழாய்க்குள் இருக்கும் பிஸ்டனை வெளியே இருக்கும் ரயிலோடு இணைக்க வேண்டும். அதற்காகக் குழாயின் மேல்பக்கம் நெடுக ஒரு பிளவு விட்டு, அதைத் தோல் பட்டையால் மூடி, மேலே கொழுப்புப் பசை தடவினார்கள். ரயில் வரும்போது பட்டை திறக்க வேண்டும், போனதும் காற்றுப் புகாமல் மூட வேண்டும். வெயிலில் தோல் காய்ந்து விறைத்தது, குளிரில் உறைந்தது, இடுக்கு வழியே காற்று உள்ளே புகுந்துகொண்டே இருந்தது, பம்புகள் நிலக்கரியைக் கொட்டிக் கொட்டித் தின்றன. ஒரு வருஷத்தில் கதை முடிந்தது, 1848 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். கொழுப்பு வாசனைக்கு எலிகள் வந்து தோலைத் தின்றுவிட்டன என்று ஒரு கதை எல்லா இடத்திலும் உலவுகிறது. சுவைக்காக யாரோ பின்னால் சேர்த்தது என்றுதான் நினைக்கிறேன், எலி வராமலே அந்தத் தோல் நாசமாகியிருக்கும்.

2013-ல் எலான் மஸ்க் ஹைப்பர்லூப் திட்டத்தை வெளியிட்டபோது எனக்குப் பிரூனல்தான் ஞாபகம் வந்தார். இங்கே பிளவு கிடையாது, வண்டியே குழாய்க்குள் போய்விடுகிறது. காற்றைக் கிட்டத்தட்ட முழுதாக வெளியேற்றிவிட்டால் வேகத்துக்குத் தடை ஏது என்பதுதான் அடிப்படை. அதில் தப்பே இல்லை. காற்று எவ்வளவு பெரிய எதிரி என்பதற்கு ஒரு கணக்கு: வேகத்தை இரண்டு மடங்காக்கினால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும், அதைத் தாண்டிப் போக எஞ்சின் தர வேண்டிய திறன் எட்டு மடங்காகும். 300 கிலோமீட்டரில் போகிற ரயிலை 600-ல் ஓட்ட நினைக்கிறவர் யாராக இருந்தாலும் இந்த எட்டு மடங்குக்குப் பதில் சொல்லித்தான் தீர வேண்டும்.

சரி, இதில் துக்கடா பாகம் எது? எனக்குத் தெரிந்தது குழாயின் இணைப்பு. எஃகு ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஒரு கிலோமீட்டருக்கு 12 மில்லிமீட்டர் நீளும். கேட்கச் சின்ன விஷயம். நூறு கிலோமீட்டர் குழாய், குளிர்காலத்து அதிகாலைக்கும் கோடை மத்தியானத்துக்கும் 40 டிகிரி வித்தியாசம் என்று வையுங்கள். 48 மீட்டர் நீள வேண்டும். அந்த 48 மீட்டர் எங்கே போகும்? சாதாரண ரயிலில் தண்டவாளத்தைப் பிடித்து இழுத்துக் கட்டிக் கான்கிரீட்டோடு இறுக்கி வைத்து நீளவிடாமல் சமாளிக்கிறார்கள். இங்கே நடுநடுவே நீண்டு சுருங்கும் இணைப்புகள் வேண்டும், அந்த ஒவ்வொரு இணைப்பும் வெற்றிடத்தைக் காக்க வேண்டும், வெளியே ஒவ்வொரு சதுர மீட்டரிலும் காற்று பத்து டன் அழுத்திக்கொண்டிருக்கும்போது. பிரூனலின் தோல் பட்டை வேறு உருவத்தில் வந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று, ஆள் கணக்கு. முதல் திட்டத்தில் ஒரு பெட்டிக்கு 28 பேர், சராசரியாக இரண்டு நிமிஷத்துக்கு ஒரு பெட்டி. மணிக்கு 840 பேர். முப்பது நொடிக்கு ஒன்று என்று நெருக்கினாலும் 3,360 பேர். ஜப்பானின் டோக்கைடோ ஷிங்கான்சென் என்ற அதிவேக ரயில்பாதையில் ஒரே ரயிலில் 1,323 இருக்கைகள், நெரிசல் நேரத்தில் நொசோமி விரைவு ரயில்கள் மட்டுமே மணிக்கு 12 வரை விடுகிறார்கள். பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். 2020 நவம்பரில் நெவாடா பாலைவனத்தில் வர்ஜின் ஹைப்பர்லூப் நிறுவனத்தின் அரைக் கிலோமீட்டர் குழாய்க்குள் இரண்டு பேர் 172 கிலோமீட்டர் வேகத்தில் போனார்கள், அதைப் பார்த்தபோது எனக்கும் புல்லரித்தது, மறைக்க மாட்டேன். மூன்று வருஷம் கழித்து அந்த நிறுவனம் கடையைக் கட்டியது. வேறு சிலர் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறார்கள், முயலட்டும். அவர்கள் அடுத்த முறை வேகத்தைப் பற்றிப் பேசுவதற்குப் பதில் அந்த இணைப்பின் படத்தை வெளியிட்டால் நான் இரண்டு தடவை பார்ப்பேன்.

காந்தத்தில் மிதக்கும் ரயில் இந்த விஷயத்தில் ரொம்ப தூரம் வந்துவிட்டது. ஷாங்காயில் 2004-லிருந்து கட்டணம் வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றுகிறார்கள், 30 கிலோமீட்டர் தூரம், 2021 வரை உச்ச வேகம் மணிக்கு 431 கிலோமீட்டர். அதில் காந்தம் பாதையின் அடியிலிருந்து மேல்நோக்கி இழுக்கிறது. இழுப்பு காந்தத்தின் குணம் தெரியுமல்லவா, நெருங்க நெருங்க இழுப்பு கூடும், விட்டால் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அளந்து கரண்டைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஜப்பான்காரர்கள் இதற்கு நேர் எதிர்வழி போனார்கள். திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 டிகிரிக்குக் குளிரவைத்த, மின்தடையே இல்லாத மீகடத்திக் காந்தங்கள் வண்டியில், வெறும் கம்பிச்சுருள்கள் பக்கச் சுவரில். வண்டி வேகமாகக் கடக்கும்போது அந்தச் சுருள்களில் தானாகக் கரண்ட் தூண்டப்பட்டு அதுவே வண்டியைத் தூக்கிப் பிடிக்கிறது, பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, வேகம் போதாதபோது தூக்காது என்பது. சுமார் 150 கிலோமீட்டர் வேகம் வரை அந்த எதிர்கால ரயில் ரப்பர் டயரில்தான் உருள்கிறது! அப்புறம்தான் விமானம் மாதிரி சக்கரத்தை மடக்கிக்கொள்கிறது. 2015 ஏப்ரலில் யமனாஷி சோதனைப் பாதையில் 603 கிலோமீட்டர் தொட்டார்கள்.

அங்கே இப்போது மல்லுக்கு நிற்பது மலையும் நீரும். டோக்கியோவிலிருந்து நகோயா வரையிலான பாதையில் பெரும்பகுதி சுரங்கம். சுரங்கம் தோண்டினால் ஓய் ஆற்றுக்குப் போகும் நிலத்தடி நீர் திசைமாறிவிடும் என்று ஷிசுவோகா மாகாணம் வருஷக்கணக்கில் முட்டுக்கட்டை போட்டது, 2027-ல் திறக்க வேண்டியது 2034-க்கு அப்பால் போய்விட்டது. மீகடத்தியைக் குளிர வைக்கிற வித்தையைக் கற்றவர்கள் ஆற்றுத் தண்ணீருக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றார்கள். அந்த மாகாணத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது என்பது என் எண்ணம், ஆற்றை நம்பி வாழ்கிறவர்களுக்கு 603 என்ற எண்ணால் என்ன பிரயோஜனம்?

மின்சாரம் தயாரிக்கிற பக்கம் வந்தால், எனக்கு எல்லாவற்றையும் விடப் பிரியமானது ஸ்பெயினின் மன்சனாரெசில் இருந்த புகைபோக்கி. பின்னால் பொறியாளர்கள் கொண்டாடிய யோர்க் ஷ்லாய்க் வடிவமைத்தது, 1982-லிருந்து ஓடியது. 195 மீட்டர் உயரத்தில், பத்து மீட்டர் அகலத்தில், ஒரு மில்லிமீட்டர் சொச்சம் கனமுள்ள தகரத்தில் ஒரு குழல். அடியில் வட்டமாக 240 மீட்டர் சொச்சம் விட்டத்துக்குக் கண்ணாடியும் பிளாஸ்டிக் தாளும் போட்ட கூரை. வெயிலில் கூரைக்கு அடியில் காற்று சூடாகும், சூடான காற்று குழல் வழியே மேலேறும், போகிற வழியில் ஒரு காற்றாடியைச் சுற்றும். 50 கிலோவாட். ராத்திரியிலும் தரை விடுகிற சூட்டில் லேசாகச் சுழலும். எரிபொருள் இல்லை, தண்ணீர் வேண்டாம், கூரைக்கு அடியில் செடி கூட வளர்க்கலாம். இவ்வளவு எளிமையான மின்நிலையத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை, ஒரு கூரை, ஒரு குழல், ஒரு காற்றாடி.

1989-ல் ஒரு புயலில் விழுந்தது. குழலைப் பிடித்து நிறுத்தியிருந்த இழுகம்பிகள் துருப்பிடித்திருந்தன. சோதனைக்காகச் சில வருஷத்துக்கு என்று கட்டியது, அதனால் சிக்கனமான கம்பியைப் போட்டிருந்தார்கள், எதிர்பார்த்ததை விட அதிக நாள் நின்றதே அதற்கு வினையாகிவிட்டது. ஆனால் கம்பியை மாற்றியிருந்தாலும் ஒரு பெரிய கேள்வி பாக்கி. குழலின் செயல்திறன் அதன் உயரத்தைத்தான் பொறுத்தது, 195 மீட்டருக்குக் கணக்குப்படி உச்சமே ஒரு சதவீதத்துக்குக் கீழ், ஆயிரம் மீட்டருக்குக் கட்டினால் மூன்று சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். அதே வெயிலில் இன்றைய சோலார் தகடு இருபது சதவீதத்தைச் சாதாரணமாக எடுக்கிறது. தகடு விலை விழ விழ, ஆயிரம் மீட்டர் கோபுரத்துக்குப் பணம் போட ஆள் இல்லாமல் போனது. இது மீண்டு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

கடல் வெப்ப மின்சாரத்துக்கும் இதே குறைந்த சதவீத நோய். வெப்பமண்டலக் கடலில் மேல்நீர் 25 டிகிரி, ஆயிரம் மீட்டர் ஆழத்தில் 5 டிகிரி, அந்த இருபது டிகிரி வித்தியாசத்தில் எஞ்சின் ஓட்டலாம். இயற்கை விதியே ஏழு சதவீதத்துக்கு மேல் தர மறுக்கிறது, பம்புச் செலவு போக மிஞ்சுவது இன்னும் குறைவு. நியான் விளக்கைக் கண்டுபிடித்த ஜார்ஜ் கிளோட் 1930-ல் கியூபாவின் மத்தன்சாஸ் கடலோரத்தில் முயன்றார். முந்தைய குழாய்களைக் கடலிடம் பறிகொடுத்துவிட்டு, கடைசியில் ஒரு குழாயை இறக்கி 22 கிலோவாட் எடுத்தார், பம்புகள் தின்றது அதைவிட அதிகம். இந்தத் துறையில் எந்த முயற்சியைப் படித்தாலும் கதையின் வில்லன் அந்தக் குழாய்தான், குளிர்நீரை மேலே கொண்டுவரும் கிலோமீட்டர் கணக்கான குழாய். ஹவாயில் 2015-ல் 105 கிலோவாட்டுக்கு ஒன்று ஓட ஆரம்பித்தது. இராப்பகல் பாராமல் ஒரே மாதிரி கரண்ட் தரும் என்பதால் இதை முழுசாகக் கைவிடவும் மனசு வரவில்லை.

சேமிப்பு விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு, இதைப் பலரிடம் சொல்லி அலுக்க வைத்திருக்கிறேன். கான்கிரீட் கட்டிகளை மேலே தூக்கி வைத்து, வேண்டும்போது இறக்கிக் கரண்ட் எடுக்கலாம் என்று அழகழகான காணொளிகள் வருகின்றன. ஒரு டன்னை நூறு மீட்டர் தூக்கினால் சேரும் ஆற்றல் எவ்வளவு? 0.27 யூனிட். கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். 60 யூனிட் பேட்டரி உள்ள ஒரே ஒரு மின்காருக்கு ஈடுகட்ட 220 டன்னை நூறு மீட்டர் உயரத்துக்கு ஏற்ற வேண்டும். புவியீர்ப்பு என்பது அவ்வளவு சோப்ளாங்கி விசை. அணையில் தண்ணீரை ஏற்றி இறக்குவது மட்டும் கட்டுப்படியாகிறதே என்றால், அங்கே டன் கணக்கு கோடிகளில் போகிறது, கட்டியைச் செய்யவும் அடுக்கவும் ஆள் வேண்டாம்.

இதற்கு எதிர்ப்பக்கம் பின்லாந்தின் கன்கான்பா ஊரில் 2022-ல் வைத்த மணல் தொட்டி. நூறு டன் மணல், மலிவாகக் கிடைக்கிற மின்சாரத்தில் 500 டிகிரிக்கு மேல் சூடாக்கி வைக்கிறார்கள். கொள்ளளவு 8,000 யூனிட். அதே நூறு டன்னை நூறு மீட்டர் தூக்கினால் 27 யூனிட்! 8,000 எங்கே, 27 எங்கே. நிபந்தனை ஒன்றுதான், அதிலிருந்து எடுப்பது வெப்பம், அதைத் திரும்பக் கரண்ட்டாக்கப் போனால் பாதிக்கு மேல் கரைந்துவிடும். அவர்கள் அந்தப் பேச்சுக்கே போகாமல் வீடுகளைச் சூடாக்கும் குழாய்களோடு நேராக இணைத்துவிட்டார்கள். நகரும் பாகம் என்று பார்த்தால் காற்றைத் தள்ளும் விசிறிதான். என் பேரிங் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இதுவரை யாரும் சொல்லவில்லை.

சில யோசனைகள் மேல் எனக்குப் பரிதாபமே கிடையாது. பிரான்சின் நார்மண்டியில் 2016 கடைசியில் ஒரு கிலோமீட்டர் சாலையில் சோலார் தகடு பதித்தார்கள், 50 லட்சம் யூரோ செலவில். தகடு படுத்துக் கிடக்கிறது, மேலே அழுக்கு, இலை, லாரி, நிழல். மூன்றே வருஷத்தில் தகடுகள் விரிசல் விட்டு, எதிர்பார்த்ததில் பாதியளவு கரண்ட்டோடு தோல்வி என்று ஒத்துக்கொண்டார்கள், வண்டி போகிற சத்தம் தாங்காமல் வேகக் கட்டுப்பாடு வேறு. அதே தகட்டைச் சாலையோரத்தில் சாய்த்து நிறுத்தியிருக்கலாம். தண்ணீரில் ஓடும் கார் இன்னும் மோசம். தண்ணீர் என்பதே ஹைட்ரஜன் எரிந்து முடிந்த சாம்பல், அதைப் பிரிக்கச் செலவழிக்கிற ஆற்றல் திரும்ப எரித்தால் கிடைப்பதைவிட எப்போதுமே அதிகம். அமெரிக்காவில் ஸ்டான்லி மேயர் இதைக் காட்டி முதலீடு வாங்கினார், 1996-ல் ஒஹாயோ நீதிமன்றம் அது அப்பட்டமான மோசடி என்று தீர்ப்புச் சொன்னது. இன்றைக்கும் அந்தக் காரின் காணொளி மாதம் ஒருமுறையாவது யாராவது எனக்கு அனுப்பிவிடுகிறார்கள், கூடவே "அவரை எண்ணெய்க் கம்பெனிக்காரன் அமுக்கிட்டான்" என்று ஒரு வரி.

மீண்டு வந்தவர்களில் என் செல்லப்பிள்ளை ஃப்ளெட்னர் கப்பல். 1924-ல் ஜெர்மனியில் அன்டன் ஃப்ளெட்னர், புக்காவ் என்ற கப்பலின் பாய்மரங்களைக் கழற்றிவிட்டு இரண்டு பெரிய உருளைகளை நட்டார். ஒரு சின்ன மோட்டார் அவற்றைச் சுழற்றும். காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது, உருளை சுழலும் திசையோடு போகிற பக்கம் காற்று வேகமெடுக்கும், எதிர்ப்பக்கம் தேங்கும், அந்த அழுத்த வித்தியாசம் கப்பலை முன்னே தள்ளும். 1926-ல் அட்லாண்டிக்கையே கடந்து நியூயார்க் போனது. வேலை செய்யாமல் இல்லை, நன்றாகவே வேலை செய்தது. எண்ணெய் சல்லிசாகக் கிடைத்த காலத்தில் யாருக்கும் அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான். இப்போது எண்ணெய் விலையும் கரியமில வாயு விதிகளும் மாறிவிட்டன, உருளையை எடை குறைந்த கூட்டுப்பொருளில் செய்யலாம், அதனால் சரக்குக் கப்பல்களில் திரும்ப முளைக்கிறது. 2021-ல் கடலுக்கு வந்த சீ ஷோஷான் என்ற இரும்புத்தாதுக் கப்பலில் 24 மீட்டர் உயரத்தில் ஐந்து உருளைகள். துறைமுகத்தில் கிரேன் இடிக்காமல் இருக்க அவற்றைப் படுக்க வைத்துவிடலாம். நூறு வருஷத்தில் சேர்ந்த புது அறிவு என்னவென்று கேட்டால் நான் அந்தச் சாய்க்கும் கீலைத்தான் சொல்வேன்.

பாறைச் சூட்டு மின்சாரமும் அப்படித்தான். 1970-களில் நியூ மெக்சிகோவின் ஃபென்டன் ஹில்லில் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தார் சூடான காய்ந்த பாறையைத் துளைத்து, அதில் விரிசல் உண்டாக்கி, ஒரு கிணற்றில் தண்ணீரை விட்டு இன்னொன்றில் கொதிநீராக எடுத்துக் காட்டினார்கள். இரண்டு கிணறுகளையும் விரிசல் வழியே இணைப்பது பெரும்பாடாக இருந்தது, துளைக்கிற செலவு வேறு. அப்புறம் எண்ணெய்க்காரர்கள் தங்கள் காரியத்துக்காகப் பூமிக்கடியில் கிடைமட்டமாகத் துளைக்கும் வித்தையைக் கற்றார்கள். அந்த வித்தையை அப்படியே எடுத்து ஃபெர்வோ நிறுவனம் 2023-ல் நெவாடாவில் ஒரு மாதச் சோதனை ஓட்டத்தில் 3.5 மெகாவாட் காட்டியது. எண்ணெய் எடுக்கக் கண்டுபிடித்த துளைக்கருவி எண்ணெய்க்கே மாற்றாக வந்து நிற்கிறது. அணுக்கருக்களை இணைத்து மின்சாரம் எடுக்கும் ஃப்யூஷனுக்காகக் காத்திருக்கிற நண்பர்களிடம் நான் சொல்வது, அதுவரை இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

இப்போது நான் விடாமல் பின்தொடர்வது ஒரு ஒற்றைத் தண்டவாள வண்டி. 1909 நவம்பரில் லூயிஸ் பிரெனன் இங்கிலாந்தின் கில்லிங்ஹாமில் 22 டன் வண்டியில் நாற்பது பேரை ஏற்றி ஒரே தண்டவாளத்தின் மேல் ஓட்டிக் காட்டினார். உள்ளே எதிரெதிராகச் சுழலும் இரண்டு சக்கரங்கள் வண்டியை விழாமல் நிறுத்தின, வளைவில் வண்டி உள்பக்கமாகத் தானே சாய்ந்துகொண்டது, எல்லோரும் ஒரு பக்கமாக ஓடிப் போய் நின்றால் அந்தப் பக்கம் உயர்ந்து கொடுத்தது. பார்த்தவர்கள் வாய் பிளந்தார்கள், பணம் கொடுக்க யாரும் வரவில்லை. பத்துப் பெட்டி ரயிலென்றால் பத்துப் பெட்டிக்கும் தனித்தனியாகச் சுழல்சக்கரம் வேண்டும் என்பது பெரிய ஆட்சேபம். சரி, ரயிலே வேண்டாம், ஒற்றைப் பெட்டியாக விடு என்றால்? ஜெர்மனியின் லிப்பே பகுதியில் மோனோகேப் என்ற பெயரில் அதைத்தான் செய்கிறார்கள். கைவிடப்பட்ட பழைய ஒற்றை ரயில்பாதை, ஆளில்லாமல் ஓடும் சின்னச் சின்னப் பெட்டிகள், இடது தண்டவாளத்தில் ஒன்று போகும், வலது தண்டவாளத்தில் இன்னொன்று எதிரே வரும், இரண்டுக்கும் நடுவே இடிக்காத அளவுக்கு இடைவெளி. 2022-ல் மாதிரி வண்டியை ஓட்டிக் காட்டினார்கள். உள்ளே சுழல்சக்கரமும், ஆள் உட்காரும் பக்கத்துக்கு எதிராக நகர்ந்து சமன் செய்யும் எடையும் இருக்கின்றன.

எதிரெதிராக இரண்டு பெட்டிகள் கடக்கும் அந்த நொடியில் பக்கக் காற்று ஓங்கி அடித்தால் எவ்வளவு சாயும், கரண்ட் போனால் சக்கரத்தின் சுழற்சி தணிவதற்குள் வண்டியை விழாமல் தாங்கும் ஊன்றுகோல் இறங்கிவிடுமா என்பதுதான் என் கேள்வி. அவர்கள் அடுத்த முறை பொதுமக்களுக்குத் திறந்து காட்டும் நாளில் யாராவது அங்கே போவதாக இருந்தால், வேகத்தைக் கேட்காதீர்கள், குனிந்து அந்த ஊன்றுகோலைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.